ஒருவர் வாசிக்க, வீடு கேட்க

தமிழ்ப் புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களின் வீடுகளில், விளக்கேற்றிய பிறகு பாய் விரித்து, ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடி, வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்து, முழங்காலில் நின்று ஜெபிப்பதற்குக் குடும்ப ஜெபம் என்று பெயர். காலையில் ஓர் அதிகாரத்தையோ சில வசனங்களையோ எடுத்து, அன்றைய நாளுக்கு அது என்ன சொல்கிறது என்று யோசிப்பது வேத தியானம். இந்த வழக்கம் எப்படி வந்தது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அச்சுக்கூடத்திலிருந்து தொடங்குகிறார்கள். தரங்கம்பாடியில் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது, புத்தகம் வந்ததும் வாசகர் வந்தார், வாசகர் வந்ததும் தியானம் வந்தது என்பது அவர்கள் சொல்லும் வரிசை. அந்த வரிசையில் பொய் இல்லை. ஆனால் அதில் பாதி வரலாறுதான் இருக்கிறது. தியானம் என்றதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தனியே, மௌனமாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவம் நமக்குத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இந்த வழக்கத்தின் வரலாற்றில் அந்த உருவம் மிகவும் பிந்தியது. வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டதுதான் இதன் தொடக்கம், நெடுங்காலம் இதன் உயிரும் அதுவே. வாசித்தவர் பல வீடுகளில் குடும்பத் தலைவர்கூட அல்ல. எழுத்துக் கற்ற பிள்ளை. இதை மறந்துவிட்டால் இந்த வழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதும் விளங்காது, இப்போது ஏன் தளர்ந்து வருகிறது என்பதும் விளங்காது.

வேதாகமமே இதற்கு முதல் சாட்சி. முதலாம் சங்கீதம் பாக்கியவானைப் பற்றிச் சொல்லும்போது, இரவும் பகலும் கர்த்தருடைய வேதத்தில் தியானமாக இருக்கிறவன் என்கிறது. மோசேக்குப் பின் தலைமையேற்ற யோசுவாவுக்கும் அதே கட்டளை வருகிறது. இந்த இரண்டு இடங்களிலும் எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல் ‘ஹாகா’. அதன் முதல் பொருள் தாழ்ந்த குரலில் ஒலி எழுப்புவது, வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயாவின் புத்தகத்தில் இரையின்மேல் நிற்கும் சிங்கத்தின் உறுமலுக்கும் புறாவின் முனகலுக்கும் இதே சொல்தான் வருகிறது. யோசுவாவுக்குச் சொல்லப்பட்டதும் நியாயப்பிரமாண புத்தகம் ‘வாயை’ விட்டு நீங்கக்கூடாது என்பதே. கண்ணைப் பற்றியோ மனத்தைப் பற்றியோ அங்கே பேச்சு இல்லை. தமிழில் இதற்கு நெருங்கிய சொல் தேடினால் ‘ஓதுதல்’ என்பதைத்தான் சொல்ல வேண்டும். புதிய ஏற்பாட்டிலும் இதே நிலைதான். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி தேரில் உட்கார்ந்து தனக்காகத்தான் வாசிக்கிறான். ஆனாலும் பிலிப்பு ஓடிப்போய்ச் சேரும்போது அவன் ஏசாயாவை வாசிப்பது காதில் விழுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் தன் தொடக்கத்திலேயே வாசிக்கிறவரை ஒருமையிலும் கேட்கிறவர்களைப் பன்மையிலும் வைத்து வாழ்த்துகிறது. ஒரு சுருள், ஒரு வாசகர், பல செவிகள் என்பது முதல் நூற்றாண்டுச் சபையின் இயல்பான அமைப்பு. பதினேழு நூற்றாண்டுகள் கழித்து அது தமிழ் வீடுகளில் அப்படியே மறுபடியும் அமைந்தது என்பதுதான் வியப்பு.

தமிழ்நாட்டில் இந்தச் செவிவழிப் பாதையை முதலில் போட்டவர்கள் கத்தோலிக்கர். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் தமிழ் வேதாகமம் இல்லை. தமிழும் சரியாகத் தெரியாது. விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம் ஆகியவற்றை உள்ளூரார் உதவியோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்தபடி பரவர் ஊர்களின் தெருக்களில் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஒப்படைத்ததை அவரே தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல் அதுவே. அதுவும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்காக அமைந்தது. வேத வசனத்தை அன்றாடம் தியானிக்கும் வழக்கம் அந்தக் கரையில் அப்போது தோன்றவில்லை என்பது உண்மை. ஆனால் பிள்ளையின் வாய் வழியாக இறைவார்த்தை வீட்டுக்குள் நுழையும் என்ற ஏற்பாடு தரங்கம்பாடிக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருந்தது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் தமிழ் கற்கத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார்கள். இதைப் பணிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அங்கே அவர்கள் கண்ட கல்விமுறைதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. திண்ணைப் பள்ளியில் எழுத்தும் ஒலியும் பிரியாது. அண்ணாவி ஒரு முறை சொல்ல, சட்டாம்பிள்ளை வாங்கிச் சொல்ல, பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்லும் இடம் அது. ஏடு நினைவுக்குத் துணைதான். பாடம் நாவில் இருந்தது. சீகன்பால்கு 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தபோது அச்சு எந்திரம் இன்னும் வந்திருக்கவில்லை. அவருடைய எழுத்துகள் முதலில் ஓலையில்தான் பரவின. அதற்கென்று எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். பிறகு ஜெர்மனியின் ஹல்லேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கின. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் நடபடிகளும் அந்த எழுத்தில் அச்சாயின. எஞ்சிய பகுதி, தரங்கம்பாடியிலேயே வார்த்த சிறிய எழுத்தில் மறு ஆண்டு வந்தது. காகிதத்துக்கே இப்படித் திண்டாடிய ஒரு மிஷனில் வீட்டுக்கொரு வேதாகமம், ஆளுக்கொரு பிரதி என்பதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாதவை. ஒரு பிரதி பலருக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமானால் அது உரக்க வாசிக்கப்பட வேண்டும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. அன்றாட வேத தியானம் ஜெர்மனியின் பக்தி இயக்கத்தில் பிறந்தது, மிஷனரிகள் அதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள், இதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். பிறப்பைப் பற்றிய பகுதி முழுக்கச் சரி. பிலிப் யாக்கோபு ஸ்பேனர் 1675-இல் வெளியிட்ட நூலில், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கென்று வகுத்த சில பகுதிகளை மட்டும் கேட்டால் போதாது, வேதாகமம் முழுவதும் மக்கள் நடுவே புழங்க வேண்டும் என்றார். ஹல்லேயில் அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதியும் பள்ளியும் நிறுவிய ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, ஆத்தும வளர்ச்சிக்கு வேதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று 1694-இல் ஒரு சிறு கைநூலே எழுதினார். சீகன்பால்கு அந்த ஹல்லேயில் படித்தவர். 1718-இல் போகாட்ஸ்கி என்பவர் அன்றாடத்துக்கான வசனங்களையும் சிறு குறிப்புகளையும் பொன் பெட்டகம் என்று பொருள்படும் தலைப்பில் தொகுத்தார். இன்று நம் வீடுகளில் உள்ள வாக்குத்தத்தப் பெட்டிகளுக்கு அது மூதாதை. பிறகு ஹெர்ன்ஹட் என்ற குடியிருப்பில் 1728 மே 3-ஆம் தேதி சின்சென்டார்ஃப் பிரபு அடுத்த நாளுக்கான திருவாசகம் ஒன்றைச் சபையாரிடம் கொடுத்தார். அன்றாட வசனம் என்ற வழக்கம் அங்கே பிறந்தது. 1731 முதல் அது புத்தகமாக அச்சாகி இன்றுவரை ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. ஹெர்ன்ஹட்டைச் சேர்ந்த மொரேவிய சகோதரர்களும் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே விதை அயலது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஹெர்ன்ஹட்டில் நடந்ததையே கூர்ந்து பாருங்கள். அங்கே அப்போது முப்பத்திரண்டு வீடுகள். அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னான அந்த ஆண்டுகளில் காலையில் ஒரு சகோதரர் வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தை வாயால் சொல்லிவிட்டு வருவார். மூலத்திலேயே இது நடமாடும் குரலாகத்தான் இருந்தது. இரண்டாவது, ஐரோப்பாவில் வீட்டு வாசிப்புக்குத் தலைவர் தந்தை. 1529-இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிற்றுபதேச வினாவிடை, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய முறை என்றே பகுதிக்குப் பகுதி தலைப்பிட்டுப் போகிறது. தமிழ் நாட்டுப்புறத்தில் இந்த ஏற்பாடு தலைகீழானது. தந்தைக்கு எழுத்துத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. மிஷன் பள்ளிக்குப் போன பிள்ளைக்குத் தெரியும். 1707-லேயே தரங்கம்பாடியில் பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கிவிட்டதால், வாசிக்கிறவள் மகளாகவும் இருக்க முடிந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து கேட்க, பத்து வயதுப் பெண் நடுவீட்டில் அமர்ந்து வேதம் வாசிக்கும் காட்சி ஜெர்மனியிலிருந்து இறக்குமதியானது அன்று. இங்குள்ள கல்வியின்மையும் பள்ளியும் சேர்ந்து உண்டாக்கியது அது.

திருநெல்வேலியில் இது முழு உருவம் பெற்றது. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர்தான் இருந்தார்கள். 1799-இல் கிறிஸ்தவர்களுக்கென்றே முதலூர் எழுந்தது. 1820-இல் மிஷனரி இரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர்தோறும் பள்ளிகளும் சபைகளும் பெருகின. ஓலை வேய்ந்த ஒரே கட்டடம் பகலில் பள்ளிக்கூடமாகவும் அந்தியில் ஜெபவீடாகவும் இருந்தது. ஒரே ஆள் பகலில் வாத்தியாராகவும் அந்தியில் உபதேசியாராகவும் நின்றார். மணியடித்ததும் ஊர் கூடும். அவர் ஒரு சங்கீதமும் ஒரு பகுதியும் வாசித்து, கேள்வி கேட்டு, ஜெபித்து அனுப்புவார். வேப்பேரியிலிருந்த ராட்லர் ஐயர் தமிழாக்கிய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் நூற்றைம்பது சங்கீதங்களும் மாதத்தின் முப்பது நாளுக்கும் காலை மாலை என்று பங்கிடப்பட்டிருந்தன. நீதிமொழிகளுக்கு முப்பத்தொரு அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரமாக வாசிக்கும் வழக்கமும் வீடுகளில் படிந்தது. நாள்காட்டி பார்க்கத் தெரிந்தால் இன்று வாசிக்க வேண்டியது எது என்பது தெரிந்துவிடும். இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் போன தமிழரிடையே 1854-இல் மிஷன் தொடங்கியபோதும் உபதேசியார்களை முன்வைத்தே அது நடந்தது. லயத்து வாசலில் நின்று வாசித்த அந்தக் குரல் திருநெல்வேலியின் ஜெபவீட்டில் பழகியதன் தொடர்ச்சி.

இங்கே ‘வசனம்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் இலக்கிய உலகில் வசனம் என்றால் செய்யுள் அல்லாத உரைநடை. கிறிஸ்தவரின் நாவில் அது எண்ணிட்ட ஒரு சிறு துண்டு. மனப்பாடம் செய்யவும், ஆறுதலுக்குச் சொல்லவும், கல்லறையில் பொறிக்கவும் ஏற்ற அளவு. புதிய ஏற்பாட்டை இப்படி வசனங்களாக வெட்டி எண் கொடுத்தவர் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர். தேடி எடுப்பதற்காக அவர் போட்ட எண்கள், நினைவில் வைப்பதற்கான படிக்கட்டுகளாக இங்கே மாறின. அதே போலத்தான் ‘வேதம்’ என்ற பெயரும். எழுத்துப் படிக்கவும் கோயிலுக்குள் நுழையவும் விடப்படாத சாதிகளில் பிறந்த ஒருவருடைய குடிசையில், வேதம் என்ற பெயருடைய நூல் ஒன்று கிடந்தது, அதை அவருடைய பிள்ளையே எடுத்து வாசித்தது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சபைகளுக்குள்ளேயே சாதி ஒழியவில்லை. தனித்தனி இருக்கை, தனித்தனிப் பந்தி என்று அது வெகுகாலம் நின்றது, நிற்கிறது. அதை மறைக்க முடியாது. ஆனால் அந்தியில் அந்த வீட்டுக்குள் வேதத்தை யார் தொடலாம், யார் ஓதலாம் என்று தடுக்க ஒருவரும் இல்லை.

செவியால் வளர்ந்த வழக்கம் இது என்பதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று, மொழிபெயர்ப்புகளைச் சுற்றி எழுந்த சண்டைகள். பப்ரிசியஸ் ஐயரின் புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1796-இல். அதன்பின் இரேனியஸ், பிழையில்லாத எளிய நடை வேண்டும் என்று புதிதாக மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலரின் தமிழ்ப்புலமை துணைநிற்க ஒரு மொழிபெயர்ப்பு உருவாகி 1850-இல் வெளியாயிற்று. இலக்கணத்திலும் நடையிலும் அது முந்தியவற்றைவிடத் திருத்தமானது. ஆனாலும் சபைகள் அதை ஏற்கவில்லை. லுத்தரன் சபையார் பப்ரிசியஸை விடவே மாட்டோம் என்று நின்றார்கள். கடைசியில் ஹென்றி பவர் ஐயரும் அவருடைய குழுவும் பப்ரிசியஸின் ஓசையைக் கூடியவரை காத்து உருவாக்கியது 1871-இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. அதற்குப் பின்னும் 1936-இல் லார்சன் முயற்சி, 1956-இல் ஒரு திருத்தம், 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து தந்த ‘திருவிவிலியம்’ என்று பல வந்தன. திருவிவிலியம் கத்தோலிக்க வழிபாட்டில் நிலைபெற்றுவிட்டது. புரோட்டஸ்டன்ட் வீடுகளின் மேசையில் இன்றும் இருப்பது அந்தப் பழைய நடைதான்.

இதைப் பழமைப்பிடிவாதம் என்று தமிழறிஞர்கள் குறைசொல்வதுண்டு. வடசொல் மலிந்து, வாக்கியம் முறுக்கேறி, இன்றைய தமிழிலிருந்து விலகி நிற்கும் நடையை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்கிறார்கள். நடையைப் பற்றி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காரணத்தைத்தான் அவர்கள் தவறாகப் பிடிக்கிறார்கள். கண்ணால் மட்டும் வாசிக்கிற ஒரு சமூகம் நல்ல மொழிபெயர்ப்பு வந்தால் மாறிக்கொள்ளும். பழைய அகராதி போய்ப் புதிய அகராதி வருவதைப் போல அது நடந்துவிடும். ஆனால் பாட்டி சாகும்போது கேட்ட சங்கீதம், தகப்பன் முழங்காலில் நின்று திருப்பிச் சொன்ன வாக்கு, தாலாட்டைப் போலக் காதில் ஊறியவை. அவற்றின் ஒரு சொல்லை மாற்றினால் பொருள் கெடாது, குரல் கெட்டுவிடும். வேதநாயகம் சாஸ்திரியார் வேத வரலாற்றைக் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் பாடியதும், எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ தந்ததும் இந்தச் செவிப்பழக்கத்தின் விளைச்சல்தான். வாய்விட்டு ஓதினால் பொருள் உணராத மனப்பாடமாகத்தான் முடியும் என்று வாதிடுகிறவர்களுக்கு நான் காட்டும் பதில் இந்த இரண்டு பேர். பொருள் உள்ளே இறங்காத செவியிலிருந்து இப்படிப்பட்ட பாட்டுப் பிறக்காது.

இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுத்து, அதை அன்றைய நாளுக்கான சொந்த வாக்காகக் கொள்வது வேதத்தைச் சீட்டுக்குலுக்கலாக்கிவிட்டது என்பது அது. ஹெர்ன்ஹட்டின் அன்றாட வசனங்கள் உண்மையிலேயே சீட்டுப்போட்டுத்தான் எடுக்கப்படுகின்றன. நம் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பதற்கு நிற்கும் வரிசையை அறியாதவர் இல்லை. மிகவும் விரும்பி எடுக்கப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29-இல் வருகிறது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே தம்மிடம் உண்டு என்று தேவன் சொல்லும் இடம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். எழுபது ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளை பெறுங்கள் என்று அந்தக் கடிதம் அதே மூச்சில் சொல்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதற்கு முன் செத்துப்போயிருப்பார்கள். அந்த எழுபது ஆண்டை வெட்டிவிட்டு ஒரு வரியை மட்டும் அட்டையில் அச்சிட்டு, வருகிற ஜனவரியில் வேலை கிடைக்கும் என்று படிப்பது வேதத்துக்குச் செய்யும் அநீதி. இந்தக் குற்றச்சாட்டை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகு வரலாறு சொல்வதையும் கேட்க வேண்டும். ஒற்றை வசனமும் தொடர் வாசிப்பும் தொடக்கத்தில் எதிரிகளாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் கெஸ்விக் ஊரில் ஞாயிறு பள்ளியில் கற்பித்த ஆனி மார்ஸ்டன், தன் வகுப்புப் பெண்கள் நாள்தோறும் எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று கையால் எழுதிக் கொடுத்த பட்டியல்தான், 1879-இல் வேத வாசிப்பு அட்டையாக அச்சாகி உலகெங்கும் பரவியது. அது வசனத்தை எடுத்துக் கொடுக்கவில்லை, பகுதிக்கு வழிகாட்டியது. தமிழ் வீடுகளிலும் இரவில் அதிகாரம் அதிகாரமாகக் கேட்டு வளர்ந்த ஒருவருக்குச் சுவரில் தொங்கும் ஒரு வசனம் அந்த அதிகாரம் முழுவதையும் நினைவுக்கு இழுத்துவரும் கொக்கி. இரவு வாசிப்பு நின்றுபோன வீட்டில் அது கொக்கியாக இருக்க முடியாது. இழுப்பதற்கு மறுமுனையில் எதுவும் இல்லை. குறை அட்டையில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அட்டைக்குப் பின்னால் இருந்த குரல் நின்றதுதான் குறை.

அந்தக் குரலைப் பெண்கள் எவ்வளவு தூரம் சுமந்தார்கள் என்பது சபை வரலாறுகளில் சரியாகப் பதிவாகவில்லை. ஆண் மிஷனரிகள் நுழைய முடியாத வீடுகளின் அடுப்படிக்குப் போய் வேதம் வாசித்துக் காட்டிய பெண் ஊழியர்கள், மிஷன் அறிக்கைகளில் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டும் வருகிறார்கள். எழுத்தில் தடம் விட்டுப்போனவர்களில் ஒருவர் ஏமி கார்மைக்கேல். அவர் வாழ்ந்த டோனாவூர், இரேனியஸ் காலத்தில் உதவிய தோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர். ஐரோப்பியப் பக்தி இயக்கத்தின் கை அங்கே ஊர்ப்பெயரிலேயே இருக்கிறது. 1931-இல் விழுந்து காயம்பட்டபின் 1951-இல் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் தம் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த ஆண்டுகளில் அந்த அறையிலிருந்து டோனாவூர்க் குடும்பத்தாருக்குச் சிறு சிறு தியானக் குறிப்புகள் போய்க்கொண்டே இருந்தன. பின்னால் அவற்றைத் தொகுத்தபோது, நாளுக்கொன்றாக ஓர் ஆண்டு முழுவதும் வாசிக்கும் நூலாயிற்று. இன்று உலகெங்கும் தனியே அமர்ந்து வாசிக்கப்படும் அந்நூல், ஒரு பெரிய வீட்டாரிடம் ஒருவர் பேசிய பேச்சாகத் தொடங்கியது.

தனியான, மௌனமான தியானம் தமிழரிடையே பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான். வேதாகமத்தின் விலை இறங்கியது, மின்விளக்கு வந்தது, வீட்டில் எல்லாரும் படித்தவர்களானார்கள், ஆளுக்கொரு வேதாகமம் ஆயிற்று, மாதந்தோறும் தியானப் புத்தகம் தபாலில் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகுந்த காலத்தில் வாசித்துக் காட்டுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி இயேசுவே சொல்லியிருக்கிறாரே, தனித் தியானம்தானே உயர்ந்தது என்று ஒருவர் கேட்கலாம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அவர் கண்டிப்பது, பிறர் காணும்படி தெருமுனையில் நின்று ஜெபிக்கும் பகட்டை. அவரே ஜெபாலயத்தில் எழுந்து நின்று ஏசாயாவின் புத்தகத்தை வாங்கி எல்லாருக்கும் வாசித்தவர் என்பதை லூக்கா நான்காம் அதிகாரம் சொல்கிறது. ஜெபத்துக்கு அறை உண்டு. வாசிப்புக்குக் கேட்பவர்கள் வேண்டும். தனித் தியானத்தால் ஆழம் கிடைக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது குடும்ப வாசிப்பின் மேல் கட்டப்பட்ட மாடி. கீழ்த்தளத்தை இடித்துவிட்டு மாடியில் குடியிருக்க முடியுமா என்பதுதான் இன்றைய தமிழ்ச் சபைகளின் முன்னுள்ள கேள்வி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி தியான ஏணிக்கு நான்கு படி வகுத்தபோது முதல் படியாக வைத்தது வாசிப்பு. மடங்களில் அந்த வாசிப்பு உதடு அசைய நடந்தது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எல்லா விசுவாசிகளும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று அறிவித்தபின், அன்பியங்கள் என்ற தமிழ்க் கத்தோலிக்கச் சிறு குழுக்களில் வீடு வீடாகக் கூடி இறைவார்த்தையை உரக்க வாசித்துப் பகிர்வது பெருகியது. ஒரு காலத்தில் வேதம் வாசிக்காதவர்கள் என்று புரோட்டஸ்டன்ட்டுகள் குறைசொன்னவர்களிடம்தான் அந்தப் பழைய அமைப்பு இப்போது உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

இந்த வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு வேண்டிய ஆவணங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று ஹல்லேயின் ஆவணக் காப்பகம். தரங்கம்பாடிக் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் அங்கே எண்ணிட்டு, தூசு படாமல், ஆராய்ச்சியாளர் கேட்டால் எடுத்துக்கொடுக்கும் நிலையில் உள்ளன. மற்றொன்று நம் வீட்டுப் பரண். முதல் பக்கத்தில் பிறப்பும் திருமணமும் மரணமும் எழுதிய குடும்ப வேதாகமம், ஓரத்தில் தேதி குறித்த சங்கீதப் பக்கம், எந்த இரவில் எந்த அதிகாரம் என்று பென்சிலால் கோடிட்ட தியானப் புத்தகம் எல்லாம் அங்கே கிடக்கின்றன. கரையான் தின்றது போக எஞ்சியவை வீடு மாற்றும்போது பழைய காகிதக் கடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் அந்த முதல் பக்கத்தையும் ஓரக்குறிப்புகளையும் படமெடுத்து, அந்த வீட்டில் யார் வாசித்தார்கள், யார் கேட்டார்கள் என்று இன்னும் நினைவுள்ள முதியவரிடம் கேட்டு எழுதி, மதுரை அரசரடி இறையியல் கல்லூரி நூலகத்துக்கோ உங்கள் திருமண்டல அலுவலகத்துக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.